சேமிப்புக் காசும் அணுகுண்டும்: நோர்வே சொல்லும் பாடம்

2006 ஜனவரி 5ஆம் திகதி நோர்வேயின் நிதியமைச்சர் கிறிஸ்டின் ஹல்வோர்சன் ஓர் அறிவித்தலை வெளியிட்டார். போயிங், ஹனிவெல், நோர்த்ரொப் கிரம்மன், யுனைட்டட் டெக்னோலஜீஸ், பிஏஇ சிஸ்டம்ஸ், பின்மெக்கானிக்கா, சப்ரான் ஆகிய ஏழு கம்பனிகளின் பங்குகளை நாட்டின் ஓய்வூதிய நிதியம் விற்றுவிட்டது என்பதே அதன் சாரம். இவை அணு ஆயுதங்களின் முக்கிய பாகங்களைச் செய்வதில் சம்பந்தப்பட்டவை என்பதுதான் காரணம். பங்கு விலை ஆடிப்போகக் கூடாதென்று முதலில் சத்தமில்லாமல் விற்று முடித்தார்கள். அறிவித்தல் பிறகுதான் வந்தது.

கையில் இருந்த லாபத்தை ஒரு நாடு வேண்டாம் என்று ஏன் சொன்னது? அதைப் புரிந்துகொள்ள வடகடலுக்குப் போக வேண்டும். அங்கே எக்கோபிஸ்க் எண்ணெய் வயல் 1969இன் முடிவில் கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணெய் என்றாவது ஒருநாள் வற்றும், பேரப்பிள்ளைகளுக்கும் அதில் பங்குண்டு என்ற எண்ணத்தில் 1990இல் நிதியச் சட்டம் இயற்றப்பட்டது. 1996இல் முதல் தொகை வைப்பிலிடப்பட்டது. 2006இல் 'ஓய்வூதிய நிதியம்' என்ற பெயர் வந்தது. பெயர்தான் அப்படி, மாதாமாதம் யாருக்கும் ஓய்வூதியம் கொடுக்கும் நிதியம் அல்ல அது. நோர்வேயின் மத்திய வங்கி அந்தக் காசை வெளிநாடுகளில் மட்டுமே முதலிடுகிறது.

முதல் சங்கடம் கண்ணிவெடியால் வந்தது. ஆட்களைக் கொல்லும் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கையின் வாசகம் 1997 செப்டெம்பரில் ஒஸ்லோவில்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் அதே நாட்டின் நிதியம், கண்ணிவெடி செய்யும் ஒரு சிங்கப்பூர்க் கம்பனியில் பங்கு வைத்திருந்தது. 2002இல் அது விலக்கப்பட்டது. ஆனாலும் கேள்வி அத்தோடு முடியவில்லை. காசை வைத்திருப்பவன் கம்பனியின் செயலுக்கு உடந்தையா?

சட்டப் பேராசிரியர் ஹன்ஸ் பீட்டர் கிராவர் தலைமையிலான குழு 2003இல் இதற்குப் பதில் சொன்னது. பங்குதாரரும் பங்காளிதான் என்பது அந்தப் பதிலின் அடிப்படை. வழமையான முறையில் பயன்படுத்தினாலே அடிப்படை மனிதாபிமானக் கோட்பாடுகளை மீறும் ஆயுதங்களைச் செய்வோரிடம் முதலிடக் கூடாது என்று 2004இல் விதி வந்தது. கம்பனிகளை ஆராய ஐந்து பேர் கொண்ட நெறிமுறைச் சபையும் அமைக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. 2005இல் கொத்துக்குண்டு செய்யும் கம்பனிகளை நிதியம் விலக்கியபோது, அவற்றைத் தடைசெய்யும் உடன்படிக்கை இருக்கவில்லை. அது 2008இல்தான் வந்தது. அணு ஆயுத விடயத்திலும் அப்படியே. ஐந்து நாடுகளை அணு ஆயுத நாடுகளாக ஏற்றுக்கொள்ளும் பரவல் தடை உடன்படிக்கைதான் அன்று இருந்தது. முழுத் தடை பற்றிய உடன்படிக்கை 2017இல்தான் நிறைவேறியது. இரண்டு தடவையும் சட்டம் வருமுன்னே காசு வெளியேறிவிட்டது.

நெதர்லாந்தின் அரச ஊழியர், ஆசிரியர்களுக்கான ஏபிபி ஓய்வூதிய நிதியமும் 2018 ஜனவரியில் புகையிலையையும் அணு ஆயுதத்தையும் சேர்த்தே கைவிடப் போவதாக அறிவித்தது. அதே மாதம் நோர்வே நிதியம் பிஏஇ, ஏஈகொம், புளுவர், ஹன்டிங்டன் இங்கல்ஸ், ஹனிவெல் ஆகியவற்றை அணு ஆயுதக் காரணத்தால் விலக்கியது.

ஆனால் காசு போன தூரத்துக்கு அரசு போகவில்லை. நோர்வே நேட்டோ உறுப்பு நாடு. 2017 உடன்படிக்கைப் பேச்சுவார்த்தைக்குப் போகவுமில்லை, அதில் இன்னும் சேரவுமில்லை. (இலங்கை 2023 செப்டெம்பரில் சேர்ந்துகொண்டது.) நிதியம் லொக்ஹீட் மார்ட்டினின் பங்கைத் தொடுவதில்லை, நோர்வே விமானப்படையோ அதே கம்பனியின் எப்-35 விமானங்களில் பறக்கிறது. கம்பனிப் பங்கு கூடாது, ஆனால் அணு ஆயுதம் வைத்திருக்கும் அமெரிக்காவின் கடன் பத்திரம் கூடும். ஒரு கையால் விற்றதை மறு கையால் வாங்குகிறார்களே என்று கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

2025 நவம்பரில் நோர்வே பாராளுமன்றம் புதிய நெறிமுறை விலக்கல்களைத் தற்காலிகமாக நிறுத்தி, விதிகளை மீளாய்வு செய்யத் தீர்மானித்தது. இஸ்ரேலிய வங்கிகள், அமெரிக்காவின் பெரிய தொழில்நுட்பக் கம்பனிகள் பற்றிய சர்ச்சை அதற்குப் பின்னணி. இருபது வருடம் நின்ற ஒரு கொள்கையும் அரசியல் காற்றில் ஆடக்கூடியதே.

இந்த வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. மது விடயத்தில் குடித்தவரோடு நிற்காமல் பிழிந்தவர், சுமந்தவர், விற்றவர், அதன் விலையைத் தின்றவர் என்று பத்துப் பேரை எண்ணிக் காட்டுகிறது நபிமொழி. கிராவர் குழு தேடிய 'உடந்தை' என்ற கருத்து அங்கே எப்போதோ இருக்கிறது. ஆனால் நாம் ஊழியர் சேமலாப நிதியைப் பற்றிப் பேசினால், வட்டி கூடுமா கூடாதா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. காசு எங்கே போகுது, அங்கே என்ன செய்யுது என்று யாரும் கேட்பதில்லை. நோர்வேக்காரர்கள் அதைக் கேட்டார்கள். பாதிப் பதிலோடு நிற்கிறார்கள். நாம் இன்னும் கேள்வியையே கேட்கவில்லை.