ஆஸ்கெர்னிஷ்: மேய்ச்சல் மண்ணில் ஒரு கோல்ஃப் திடல்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஒன்று தெற்கு யூயிஸ்ட். தீவின் கிழக்கே மலையும் சதுப்பும். மேற்கே, மறைப்பு ஏதுமில்லாமல் அட்லாண்டிக் பெருங்கடல். அந்த மேற்குக் கரையில் ஆஸ்கெர்னிஷ் என்ற சிற்றூரில் 1891இல் 18 குழிகளுடன் ஒரு கோல்ஃப் திடல் அமைக்கப்பட்டது. பின்னாளில் அதன் பெரும்பகுதி கைவிடப்பட்டு, மறக்கப்பட்டு, 2008இல் மறுபடி ஆட்டத்துக்கு வந்தது.

திடலுக்கு முன்பே அந்த மண்ணுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. நொறுங்கிய சிப்பி ஓடுகளைக் கடல் கரையில் ஒதுக்க, காற்று அதை உள்நோக்கி வாரிக் கொட்டியதால் உருவான சுண்ணாம்புச் சத்துள்ள மணல்வெளி அது. கேலிக் மொழி பேசும் தீவு மக்கள் அதை மாக்கர் என்கிறார்கள். கடற்பாசியை உரமாக இட்டு அதில் ஓட்ஸும் பார்லியும் விதைத்தார்கள். குளிர்காலத்தில் மாடுகளையும் ஆடுகளையும் மேயவிட்டார்கள். கால்நடைகள் கடித்துக் கடித்துப் புல் குட்டையாகவும் அடர்த்தியாகவும் ஆனது. நீர் தேங்காத மணல், குட்டைப் புல், ஏறி இறங்கும் மணல்மேடுகள் ஆகிய மூன்றும் கூடிய இடங்களில்தான் ஸ்காட்லாந்தின் பழைய கடலோரத் திடல்கள் பிறந்தன. ஆஸ்கெர்னிஷில் அவை மூன்றும் தயாராகக் கிடந்தன.

நிலம் மட்டும் அதில் உழைத்தவர்களுடையது அல்ல. தீவின் உரிமையாளராக இருந்த கர்னல் ஜான் கோர்டன் 1851இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியானவர்களைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பினார். விருப்பமின்றி ஏற்றப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. ஹெப்ரிடீஸ் மக்கள் இன்றும் ஆறாத வடுவாகச் சுமக்கும் நிகழ்ச்சி இது. அவருடைய மகனை மணந்ததன் வழியாகச் சொத்து பின்னர் எமிலி கோர்டன் கேத்கார்ட் சீமாட்டியின் கைக்கு வந்தது. 1886இல் வந்த சட்டம் சிறு குத்தகைக் குடிகளை எளிதில் வெளியேற்ற முடியாதபடி காத்தது. ஆனாலும் உடைமை சீமாட்டியிடமே இருந்தது. கோல்ஃப் பிரிட்டன் முழுவதும் வேகமாகப் பரவிவந்த காலத்தில், அவர்தான் தீவில் ஒரு திடல் அமைக்க விரும்பினார்.

அதற்காக அழைக்கப்பட்டவர் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலின் காப்பாளர் டாம் மாரிஸ். பிரிட்டனின் ஓபன் கோல்ஃப் பட்டத்தை 1861, 1862, 1864, 1867 என நான்கு முறை வென்ற அவருக்கு அப்போது வயது 70. உடன் வந்தவர் புகழ்பெற்ற அமெச்சூர் ஆட்டக்காரர் ஹொரேஸ் ஹட்சின்சன். அந்தத் தலைமுறையினர் திடல் அமைத்த முறை எளியது. நிலத்தை நடந்து பார்த்து, இயல்பாகவே பந்து தங்கும் பள்ளங்களையும் மேட்டுத் தளங்களையும் தேர்ந்து, அங்கே குழியிடுவார்கள். மண்ணை வெட்டி நிரவும் இயந்திரங்கள் இல்லாததால், மணல்மேடுகளின் போக்குக்கு ஆட்டம் வளைந்துகொடுத்தது. இந்த அடக்கமே அக்காலத் திடல்களின் அழகுக்குக் காரணம்.

ஆட்டத்தின் தன்மையையும் காற்றே முடிவு செய்கிறது. உயரத் தூக்கி அடித்த பந்தைக் கடற்காற்று திசைமாற்றி மேடுகளுக்கு அப்பால் போட்டுவிடும். அதனால் பந்தைத் தாழ அடித்து, இறுகிய தரையில் நெடுந்தூரம் உருள விடுவதே இங்கே பழகவேண்டிய கலை. காலையில் ஒரே அடியில் எட்டிய தூரத்துக்கு, காற்று திரும்பிவிட்டால் மாலையில் இரண்டு அடி தேவைப்படலாம்.

ஆள் குறைந்த தீவில் பெரிய திடலைப் பேணுவது கடினம். இருபதாம் நூற்றாண்டில் மணல்மேட்டுக் குழிகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. 1930களில் சமதரைப் பகுதி விமானங்கள் இறங்கும் தளமாகவும் பயன்பட்டது. கடைசியில் உள்ளூர்க்காரர்கள் சிலர் 9 குழிகளில் மட்டும் ஆடிவந்தார்கள். அந்தச் சிலர் இல்லாமற்போயிருந்தால் ஆஸ்கெர்னிஷின் பெயரே அழிந்திருக்கும்.

2005இல் அங்கு வந்த திடல் பராமரிப்பு வல்லுநர் கோர்டன் இர்வின், மாரிஸின் குழிகள் கடலோர மேடுகளுக்குள்தான் இருந்திருக்க வேண்டும் என்று கருதினார். பழைய வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை. வடிவமைப்பாளர் மார்ட்டின் எபெர்ட்டும் மற்றவர்களும் நிலத்தின் அமைப்பைப் பார்த்தே பாதையை ஊகித்தார்கள். ஆகவே இன்றைய திடலை மாரிஸின் முறைப்படி அமைந்தது எனலாமே தவிர, ஒவ்வொரு குழியும் அவர் இட்ட இடத்திலேயே இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. 16ஆவது குழிக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

இதே ஆண்டுகளில் இன்னும் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. 2006இல் தெற்கு யூயிஸ்ட் பண்ணையின் சுமார் 93,000 ஏக்கரை ஸ்டோராஸ் ஊவிஷ்ட் என்னும் மக்கள் நிறுவனம் விலைக்கு வாங்கியது. சீமாட்டி ஒருவரின் விருப்பத்தால் பிறந்த திடல், அவரது குடிகளின் சந்ததியார் வாழும் ஊரின் பொதுச்சொத்தில் சேர்ந்தது. ஆனால் மேய்ச்சல் உரிமை பறிபோகும் என்று அஞ்சிய குடியானவர்கள் சிலர் திடலை மீட்கும் பணியை எதிர்த்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. பழைய வரலாற்றை நினைத்தால் அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. 2008 ஆகஸ்டில் 18 குழிகளும் திறக்கப்பட்டன. குளிர்காலத்தில் கால்நடைகள் இன்றும் அங்கே மேய்கின்றன. இரசாயன உரத்துக்குப் பதில் கடற்பாசியே புல்லுக்கு உரமாகிறது.