கித்தா: ஒரு மலாய்ச் சொல்லின் இரு பயணங்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் தோட்டத்துப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், ‘ரப்பர்’ என்ற சொல்லுக்கு முன்னால் வந்து நிற்பது ‘கித்தா’. கித்தா மரம், கித்தாக் காடு, கித்தா விலை என்று அவர்களின் வாழ்க்கைக் கணக்கே அந்தச் சொல்லில்தான் ஓடியது. தமிழ்நாட்டு வாசகருக்கு அது புதிதாக ஒலிக்கலாம். மலேசியத் தமிழருக்கோ அது மூன்று நான்கு தலைமுறைகள் புழங்கிய சொல்.

அதன் பிறப்பிடம் மலாய். மரத்திலிருந்தும் காயிலிருந்தும் வடியும் பிசுபிசுப்பான பால் எதுவானாலும் மலாய்க்காரர் அதை ‘கெத்தாஹ்’ என்பர். பலாப்பழத்தின் பாலும் கெத்தாஹ்தான். குருவி பிடிக்கக் கிளையில் தடவும் பிசினும் கெத்தாஹ்தான். பலாவைத் தின்றவன் ஒருவன், பிசின் ஒட்டியதோ எல்லார் மேலும் என்று பொருள்படும் மலாய்ப் பழமொழியிலும் இதே சொல் உண்டு. தமிழர் வாய்க்கு வந்தபோது சொல்லின் பொருள் சுருங்கிவிட்டது. பலாவின் பால் நமக்குப் பாலாகவே இருக்க, ரப்பர் மட்டும் கித்தாவானது.

ஒலி மாறிய விதமும் தெளிவானது. மலாய்ச் சொல்லின் முதல் உயிர், தமிழில் தனி எழுத்தில்லாத ஒரு மெலிந்த ஒலி. தமிழ் நாக்கு அதை இகரமாக்கிக்கொண்டது. நடுவிலுள்ள வல்லொலியைக் காப்பாற்ற ‘த்த்’ என்று இரட்டித்தது. கடைசி ‘ஹ்’ உதிர்ந்தது. எதிர்த்திசையில் நம் ‘கடை’ மலாயில் ‘கெடாய்’ ஆனபோது, தமிழின் அகரம் அதே மெலிந்த ஒலியாக மாறியது. இரு மொழிகளும் அவரவர் ஒலி ஒழுங்குப்படியே கொடுத்து வாங்கியிருக்கின்றன.

இதே சொல் மேற்கே போன கதை வேறு. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி 1843இல் ஒரு காட்டு மரத்தின் பிசினை ஐரோப்பியரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். வெந்நீரில் இளகி, ஆறினால் இறுகும் அந்தப் பிசினுக்கு மலாய்ப் பெயர் ‘கெத்தாஹ் பெர்ச்சா’. ஐரோப்பியர் அதைக் ‘கட்டாபெர்ச்சா’ என்று எழுதினர். லத்தீனில் ‘குட்டா’ என்றால் துளி. வடியும் பிசினுக்குத் துளி என்ற பொருள் பொருந்திப்போகவே, மலாய்ச் சொல்லுக்கு லத்தீன் எழுத்துக்கூட்டல் வாய்த்துவிட்டது. ஆக, பார்வைக்கு லத்தீன்போலத் தெரியும் ‘கட்டா’வுக்கு லத்தீனோடு உறவு கிடையாது.

1851இல் ஆங்கிலக் கால்வாயின் அடியிலும் 1866இல் அட்லாண்டிக்கின் அடியிலும் நிலைத்துப் பணிசெய்த தந்திக் கம்பிகளுக்கு மேலுறை இந்தப் பிசின்தான். அதற்காக மரங்களையே வெட்டிச் சாய்த்ததால் காடுகள் காலியாயின. இன்றும் பல் மருத்துவர்கள் வேர்க்குழாயை அடைக்க இதைப் பயன்படுத்துகிறார்கள்.

தோட்டத்து ரப்பர் மரமோ பிரேசிலிலிருந்து வந்தது. அதன் பாலைக் குறித்த தென் அமெரிக்கப் பழங்குடிகளின் சொல், ஸ்பானியத்தில் ‘கௌச்சோ’, பிரெஞ்சில் ‘கவுச்சூ’ என்றானது. போர்ச்சுக்கீசியர் மரத்துக்கு ‘செரிங்கெய்ரா’ என்று பெயரிட்டனர். பழங்குடிகள் அந்தப் பாலில் பீச்சாங்குழல் செய்தார்கள். ‘செரிங்கா’ என்றால் பீச்சாங்குழல். பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிக்க உதவியதால் ஆங்கிலத்தில் அது ‘ரப்பர்’. 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி இந்தப் பயனைக் குறித்துவைத்தார்.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனின் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியபின் அங்கே தோட்டங்கள் பெருகின. புது மரத்துக்கு மலாய்க்காரர் தம் பழைய ‘கெத்தாஹ்’வையே வைத்தார்கள். அக்கம்பக்கத்தாரோடும் சந்தையிலும் மலாய் பேசிப் பழகிய தமிழ்த் தொழிலாளி அதையே எடுத்துக்கொண்டார்.

விடிவதற்குள் தலையில் விளக்கோடு தம் நிரையில் இறங்கும் வெட்டுக்காரர், முந்தைய வெட்டில் காய்ந்து படிந்த ஒட்டுப்பாலை முதலில் உரித்தெடுப்பார். பிறகு பட்டையை மெலிதாகச் சாய்வாகச் சீவுவார். பால் கோட்டில் வழிந்து, தகரத் தாரை வழியே மங்கு எனும் கிண்ணத்தில் சொட்டும். மங்கிலேயே உறைந்துவிட்டது கட்டிப்பால். கிண்ணத்துக்கு மலாயிலும் ‘மங்குக்’ என்றுதான் பெயர். வேலையை மேற்பார்க்கும் ‘மண்டோர்’ மட்டும் உண்மையிலேயே லத்தீன் வழியினர். ஏவுபவர் என்று பொருள்படும் போர்ச்சுக்கீசிய ‘மண்டடோர்’ மலாயில் ‘மண்டோர்’ ஆகி, அங்கிருந்து தமிழர் லயத்துக்கு வந்தது.

பல தோட்டங்களில் கித்தாவின் இடத்தைச் செம்பனை பிடித்தது. சில இடங்களில் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. பாலிங், சிக் பகுதிகளின் சிறுதோட்டக்காரர்கள் இன்னும் பால் வெட்டுகிறார்கள். ஆனால் தோட்டத்தை விட்டு நகரத்துக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நிரையும் ஒட்டுப்பாலும் தெரியாது. கெடாவைச் சேர்ந்த சீ. முத்துசாமி போன்றவர்களின் தோட்டப்புறப் புனைவுகள் இந்த வாழ்க்கையை எழுத்தில் நிறுத்தியிருக்கின்றன. அகராதி வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. கெடாவின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களைத் தாத்தா பாட்டியிடம் அனுப்பி, தோட்டச் சொற்களைப் பொருளோடும் உச்சரிப்போடும் எழுதிவரச் சொல்லலாம். பால் வெட்டிய தலைமுறை உடனிருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.