திருப்பி அனுப்பும் கூலி யார் தலையில்?

ஒருவர் ஆன்லைனில் 400 ரூபாய்க்கு ஒரு எமர்ஜென்சி லைட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் எரியவில்லை. புகார் செய்கிறார். விற்றவர் ரொம்ப மரியாதையாகப் பதில் போடுகிறார்: "திருப்பி அனுப்பிவிடுங்கள், வந்து சேர்ந்ததும் பணம் தந்துவிடுகிறோம்." எல்லாம் சரி, கூரியர் கூலி 150 ரூபாயை யார் கொடுப்பது? பத்தில் எட்டு பேர் அலுத்துப்போய் லைட்டைப் பரணில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பழுதான சரக்கை விற்றவருக்குக் கொண்டாட்டம்!

இணையம் வந்த பிறகுதான் இந்தத் தலைவலி வந்தது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இது நூறு வருடத்துக்கும் மேற்பட்ட பழைய பஞ்சாயத்து. அதைவிட ஆச்சரியம், அந்தக் காலத்திலேயே இதற்குத் தெளிவான தீர்ப்பு கிடைத்துவிட்டது. அதுவும் வாங்கியவருக்குச் சாதகமாக.

1875-ல் இங்கிலாந்தில் கிரிமோல்ட்பி எதிர் வெல்ஸ் என்று ஒரு வழக்கு. மாதிரியைக் காட்டித் தீவனப் பயறு விற்கிறார் ஒருவர். சரக்கு வந்ததும் வாங்கியவர் பார்க்கிறார், மாதிரி ஒன்று, வந்தது வேறு. "எனக்கு வேண்டாம், எடுத்துக்கொண்டு போ" என்று சொல்லிவிடுகிறார். ஆனால் மூட்டைகளைத் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பாததால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுமா? ஆகாது என்றது நீதிமன்றம். வேண்டாம் என்று தெளிவாகத் தெரிவித்தால் போதும், வண்டி பிடித்துக் கொண்டுபோய் விடுவது வாங்கியவர் வேலை அல்ல.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். வேண்டாம் என்று மறுத்த பிறகு அது விற்றவருடைய சரக்கு. அவருடைய மூட்டையை அடுத்தவர் எதற்காகக் காசு கொடுத்துச் சுமக்க வேண்டும்?

இப்படிச் சிதறிக் கிடந்த தீர்ப்புகளை எல்லாம் திரட்டிச் சட்டமாக எழுதியவர் மெக்கன்சி சால்மர்ஸ். அதுதான் 1893-ம் ஆண்டின் ஆங்கிலேயச் சரக்கு விற்பனைச் சட்டம். அதன் 36-வது பிரிவில் இந்த விதி ஏறியது. இந்தியாவில் அதுவரை சரக்கு விற்பனைக்குத் தனிச் சட்டம் கிடையாது, 1872 ஒப்பந்தச் சட்டத்துக்குள்ளேயே ஓர் அத்தியாயமாக இருந்தது. 1930-ல் அந்த அத்தியாயத்தைப் பிய்த்து எடுத்து, ஆங்கிலச் சட்டத்தை முன்மாதிரியாக வைத்துத் தனிச் சட்டம் போட்டார்கள். 36-வது பிரிவு இங்கே 43-வது பிரிவாக வந்து உட்கார்ந்தது. பி.காம். மாணவர்கள் வணிகச் சட்டப் பாடத்தில் உருப்போட்டுவிட்டு, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் அதே சட்டம்தான். (ஐந்து மதிப்பெண் கேள்விக்குக்கூட இந்தப் பிரிவை யாரும் சீண்டுவதில்லை என்பது வேறு சோகம்.)

மறுக்க உரிமை உள்ளவர் சரக்கை ஏற்க மறுத்தால், அதைத் திருப்பி அனுப்ப வேண்டிய கடமை அவருக்கு இல்லை, மறுத்ததைத் தெரிவித்தாலே போதும் என்கிறது 43-வது பிரிவு. ஆனால் சும்மா வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. நியாயமான காலத்துக்குள் வாயைத் திறக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம் என்று முந்தைய 42-வது பிரிவு எச்சரிக்கிறது.

அப்படியென்றால் பிரச்சினையே இல்லையே என்கிறீர்களா? அங்கேதான் ஒரு கொக்கி. 43-வது பிரிவு தொடங்குவதே "வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர" என்றுதான். 1893-ல் இது பெரிய ஆபத்து அல்ல. நிலக்கரி, இரும்பு, தானியம் என்று மொத்தமாக வாங்குகிற வியாபாரிகள், இரு பக்கமும் பேரம் பேசத் தெரிந்தவர்கள். ஒப்புக்கொண்டால் தெரிந்துதான் ஒப்புக்கொள்வார்கள். இன்றைக்கு? பொருளை வாங்குமுன் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் அடிக்கிறோமே, அதற்குப் பின்னால் படிக்காத பக்கங்கள் எத்தனையோ. திருப்பி அனுப்பும் செலவு வாங்குபவருடையது என்று அதில் ஒரு வரி இருந்தால், நூறாண்டுப் பாதுகாப்பு ஒரு கிளிக்கில் காலி.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே தூரம் விழுந்தது இணையத்தால் மட்டும் அல்ல. இந்தியத் தபால் துறை 1877-லேயே வி.பி.பி. முறையைக் கொண்டுவந்துவிட்டது. தபால்காரரிடம் பணத்தைக் கட்டினால்தான் பொட்டலம் கைக்கு வரும், பிறகுதான் பிரிக்க முடியும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவரவர் அதிர்ஷ்டம். பணம் விற்றவர் பக்கம் போய்விட்ட பிறகு, "வேண்டாம், எடுத்துக்கொண்டு போ" என்று வீட்டில் உட்கார்ந்து சொன்னால் யார் வருவார்கள்? பயறு வழக்கில் வாங்கியவருக்கு இருந்த பலமே வேறு. மூட்டை அவர் கையில் இருந்தது, பணத்துக்காக அலைந்தது விற்றவர். தபால் வியாபாரம் அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டது.

இந்த ஓட்டையை முதலில் ஒழுங்காக அடைக்கப் பார்த்தது ஐரோப்பிய ஒன்றியம். 1999-ல் வந்த நுகர்வோர் விற்பனை நெறிமுறை, பழுதைச் சரிசெய்வதோ மாற்றித் தருவதோ இலவசமாக இருக்க வேண்டும் என்றது. அதோடு விடாமல், இலவசம் என்றால் கூலி, உதிரிப் பொருள், தபால் செலவு எல்லாம் சேர்த்துத்தான் என்று விளக்கமும் எழுதியது. பழுது தெரியவரும் முன்பே இந்த உரிமைகளை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தம் எழுதினால் அது வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது. அதாவது, "வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால்" என்ற கொக்கியையே பிடுங்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியின் பெரிய அஞ்சல்வழி நிறுவனமான குவெல்லேயிடம் 2002-ல் ஒரு பெண்மணி 524.90 யூரோவுக்கு அடுப்பு வாங்கினார். 2004-ல் பழுதாகி, சரிசெய்ய முடியாததால் நிறுவனம் மாற்றிக் கொடுத்தது. ஆனால் பழைய அடுப்பில் அத்தனை நாள் சமைத்ததற்கு 69.97 யூரோ வாங்கிக்கொண்டது! 2008-ல் ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தப்பு என்று சொன்னது. 2011-ல் இன்னொரு வழக்கு. இணையத்தில் வாங்கிய பாத்திரம் கழுவும் இயந்திரம், விலை 367 யூரோ, வீட்டில் பொருத்திய பிறகுதான் பழுது தெரிந்தது. அதைக் கழற்றி, புதியதைப் பொருத்தித் தரும் செலவும் விற்றவர் தலையில்தான் என்றது அதே நீதிமன்றம்.

எல்லாத் தீர்ப்பும் ஒரு பக்கமாகவே போய்விடவில்லை. 2015-ல் தொலைபேசியில் ஆர்டர் செய்து வாங்கிய ஐந்துக்கு ஆறு மீட்டர் கூடாரம் பழுது. 2019-ல் வந்த தீர்ப்பில், இவ்வளவு பெரிய பொருளை அனுப்புவது வாங்கியவருக்குப் பெருந்தொல்லை என்றால், விற்றவர்தான் அதன் இடத்துக்கு வர வேண்டும் என்றது நீதிமன்றம். ஆனால் சாதாரணமாக அனுப்பக்கூடிய பொருளுக்குப் போக்குவரத்துச் செலவை விற்றவர் முன்பணமாகத் தர வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது. கடைசியில் தருவது அவர்தான், ஆனால் முதலில் கையை விட்டுப் போடுவது வாங்கியவர். அந்தச் செலவு, சராசரி மனிதர் புகாரையே கைவிடும் அளவுக்குப் பாரமாக இருந்தால் மட்டும் விலக்கு. எமர்ஜென்சி லைட்டைப் பரணில் போடும் ஆசாமியை மனதில் வைத்தே எழுதியது போல இருக்கிறது. 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய நெறிமுறை, மாற்றிக் கொடுத்த பழைய பொருளை விற்றவர் தன் செலவில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நேராகவே சொல்கிறது.

பிரிட்டனும் 2015-ம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தில், பழுதான பொருளை மறுத்துத் திருப்பி அனுப்பும் நியாயமான செலவு விற்றவருடையது என்று எழுதிவிட்டது. கடையில் நேரில் வாங்கியதைக் கடைக்கே கொண்டுபோகும் பஸ் செலவு மட்டும் கிடைக்காது.

இந்தியாவுக்கு 2019-ல் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2020 ஜூலையில் மின்வணிக விதிகள் வந்தன. பழுதான பொருளை விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது, பணத்தைத் தர மறுக்கக் கூடாது என்று அந்த விதிகள் சொல்கின்றன. கூலி விஷயத்தில் மட்டும் சுருதி இறங்கிவிடுகிறது. திருப்பி அனுப்பும் செலவு பற்றிய விவரத்தைத் தெளிவாக வெளியிட வேண்டும் என்பதுதான் விதி. வெளியிட்டால் போதுமா? பழுதானதற்கு அந்தச் செலவை ஏற்க வேண்டியவர் விற்றவர்தான் என்று ஒரே ஒரு வரி எழுத என்ன தயக்கமோ! பெரிய தளங்கள் போட்டிக்காக ஆளை அனுப்பி இலவசமாகவே எடுத்துக்கொள்கின்றன. அது அவர்கள் வியாபாரக் கொள்கை, நாளைக்கே மாற்றலாம். சிறிய தளங்களில் வாங்குபவர்கள்தான் கூரியர் ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள்.

அதே 2019 சட்டம் சத்தமில்லாமல் இன்னொரு காரியம் செய்திருக்கிறது. 1986 சட்டப்படி, விற்றவர் இருக்கும் ஊரிலோ வழக்குக்குக் காரணம் எழுந்த ஊரிலோதான் புகார் கொடுக்க வேண்டும். இப்போது வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. டெல்லியிலிருந்து விற்றவர் திருநெல்வேலிக்குப் பதில் சொல்ல வர வேண்டியிருக்கும், அவருடைய செலவில்.