குப்பைத்தொட்டி வந்தபோது குப்பை பொறுக்கியவர்கள் என்ன ஆனார்கள்?

1/ பிரெஞ்சு மொழியில் குப்பைத்தொட்டிக்கு 'பூபெல்' என்று பெயர். அது ஒரு மனுஷனோட பேருங்க. பாரிஸில் ஆரம்பிச்சு நம்ம கொடுங்கையூருக்கு வரப்போறோம். பொறுமையா படிங்க.

2/ யூஜின் பூபெல் பாரிஸின் உயர் நிர்வாகி. 1883 நவம்பரில் உத்தரவு போட்டார்: ஒவ்வொரு கட்டடமும் மூடி போட்ட தொட்டியில்தான் குப்பை வைக்கணும். காலரா ஊரையே உலுக்கிய நூற்றாண்டு அது. டாக்டரா நான் அந்த உத்தரவைக் குறை சொல்லவே மாட்டேன்.

3/ ஆனா தெருக்குப்பையில் கந்தலும் எலும்பும் பொறுக்கிப் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாங்க. கந்தல் காகித ஆலைக்கு, எலும்பு பசைக்கும் பொத்தானுக்கும். தொட்டி அவங்க சோத்துல கை வைத்தது. போராடினாங்க. கடைசியில், வண்டி வருவதற்குள் துணி விரித்துக் கொட்டிப் பொறுக்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது.

4/ இப்ப சென்னை. 1989-ல் எக்ஸ்னோரா தொடங்கியது. தெருக்காரங்க சேர்ந்து மூணு சக்கர வண்டி வாங்கி, குப்பை பொறுக்கியவர்களையே சம்பளத்துக்கு வைத்தார்கள். 'தெருவை அழகாக்குபவர்' என்று புதுப் பெயரும் கொடுத்தார்கள். பேப்பர், பிளாஸ்டிக்கை காயலான் கடையில் போட்டால் அந்தக் காசும் அவங்களுக்கே.

5/ 2000-ல் மாநகராட்சி 3 மண்டலங்களை ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் கொடுத்தது. பணம் டன் கணக்கில். யோசிச்சுப் பாருங்க: எடைக்குக் காசு என்றால், தரம் பிரித்து எடையைக் குறைப்பவர் யாருக்கு வேணும்? பல தெருக்களில் அந்த மூணு சக்கர வண்டி காணாமல் போனது.

6/ வடசென்னைக் குப்பை போய்ச் சேருமிடம் கொடுங்கையூர். அங்கே எரிஉலை வேண்டாம் என்று 2025 மே மாதம் மக்கள் மனிதச் சங்கிலி நின்றார்கள். எண்ணூர் சாம்பலும் மணலி புகையும் போதாதா என்ற கேள்வி நியாயமானது. இன்னொன்றும் இருக்கு: நன்றாக எரிவது பிளாஸ்டிக்கும் பேப்பரும். பொறுக்குபவரின் கூலியும் அதேதான்.

7/ அதே ஆண்டு ஆகஸ்டில், தனியார்மயத்தை எதிர்த்து ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் போராடினார்கள். அவங்களுக்காவது வருகைப் பதிவேட்டில் பேர் இருந்தது. பொறுக்குறவங்களுக்கு எந்தப் பதிவேடு?

8/ கண்ணாடி குத்திய காலோடு ஒரு அம்மா வந்தாங்க. டிடி ஊசி போட்டு, "ஒரு வாரம் வேலைக்குப் போகாதீங்க" என்றேன். "இப்ப வண்டி வாசல்லயே எல்லாத்தையும் வாங்கிட்டுப் போயிடுது சார். எனக்கு எப்பவும் லீவுதான்" என்றாங்க. என்னிடம் பதில் இல்லை.

9/ வழி இல்லாமல் இல்லை. புனேவில் 1993-ல் சங்கம் அமைத்த குப்பை சேகரிப்போர், 2008-ல் 'ஸ்வச்' கூட்டுறவு மூலம் வீடு வீடாகச் சேகரிக்கும் பணியை மாநகராட்சியிடம் ஒப்பந்தமாகவே பெற்றார்கள். 2016 திடக்கழிவு விதிகளும் இவர்களை அமைப்புக்குள் சேர்க்கத்தான் கூறின.

10/ சுத்தமும் வேணும், அவங்க பிழைப்பும் வேணும். 1884-லேயே பாரிஸ் ஒரு துணியளவு இடம் கொடுத்தது. நாம அதைவிடக் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாமே. அதுவரை, உடைந்த கண்ணாடியைப் பேப்பரில் சுற்றித் தனியா வையுங்க. எடுப்பது ஒரு கை.