இருட்டறையில் இறங்கிய கதிரவன்

தேசூரில் தறி வீட்டினுள் நுழைந்ததும் இருள் சூழ்ந்துகொள்ளும். ஓட்டிடுக்கின் வழியே வரும் வெயில் மட்டும் பாவின் மேல் சிறு சிறு வட்டங்களாகக் கிடக்கும். இடுக்கோ கோணலானது, விழும் ஒளியோ வட்டமானது. பட்டின் பளபளப்பைக் கண்டு மகிழும் நாம், இவ்வட்டம் எவ்வாறு வந்தது என்று கேட்டதுண்டா?

கேட்டார் ஒருவர். கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம் அவர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் காட்சி உண்டாகிறது என்று யூக்ளிடும் தாலமியும் கூறியிருந்தனர். அதை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் அவர் நிறுவினார். இருட்டறையில் துளை வழியே ஒளியை விட்டுச் சோதித்தார். சூரிய கிரகணத்தின்போது துளை சிறிதாயின் பிறை வடிவம் விழுவதையும், பெரிதாயின் அவ்வடிவம் மறைவதையும் தனி நூலொன்றில் ஆராய்ந்தார். தறி வீட்டு வட்டமும் கதிரவனின் உருவமே என்பது இதனால் விளங்கும்.

அவ்விருட்டறையின் வளர்ச்சியைக் கொடைக்கானலில் காணலாம். 1899-இல் நிறுவப்பெற்ற சூரிய ஆய்வுக்கூடம் அங்கே ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. 11 மீட்டர் கோபுரத்தின் மேலுள்ள கண்ணாடி, கதிரவனைத் தொடர்ந்து திரும்பி, 60 மீட்டர் நீளச் சுரங்கத்தினுள் ஒளியை அனுப்புகிறது. முடிவில் 34 சென்டிமீட்டர் விட்டமுள்ள சூரிய உருவம் விழுகிறது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் ஜான் எவர்ஷெட் இம்மலையில்தான் கண்டறிந்தார். நாம் சென்ற அன்று, மேகம் விலகும்வரை காத்திருந்து, காட்சிக்கூடத்தில் கதிரவனின் உருவத்தையும் அதன் நிறமாலையையும் கண்டோம். பேச்சு எழவில்லை.

ஒளியையே கலையாக்க விழைந்த ஜேம்ஸ் டரெல், அரிசோனாவில் அணைந்த எரிமலையொன்றை 1977-இல் வாங்கி, அதனுள் வானம் நோக்கும் அறைகளை அமைத்து வருகிறார். அங்கும் அடிப்படை, இருளும் ஒரு திறப்புமே.

‘இவை யாவும் நம் முன்னோர் கண்டவை’ என்று மேடையில் முழங்குவது எளிது. ஆனால் இப்னுல் ஹைதம் முன்னோர் சொல்லை அப்படியே ஏற்றவரல்லர். தாலமியின் கூற்றுகளை ஐயுற்று ஒரு நூலே எழுதியவர். அவர் பெயரைச் சொல்லி, அவர் வழியைக் கைவிடுவது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது.

கொடைக்கானல் தொலைவாயின் கவலை வேண்டாம். ஓர் அட்டையில் ஊசித்துளையிட்டு, இருண்ட அறையின் சுவரில் விழும் கதிரவனைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். நேராகக் கதிரவனைப் பார்க்க வேண்டாம் என்றும் சொல்வோம். ‘ஏன் வட்டம்?’ என்று பிள்ளை கேட்குமாயின், அதுவே நாம் பெறும் வாரிசுரிமை.