முத்துக்குளிப்பில் அனுமதியும் பங்கும் காவலும்: மன்னார்க் கடல் வரலாற்றில் ஒரு நோக்கு

மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியோருட் பலர் முத்தின் பெருமையையும் அதனால் அரசுகள் பெற்ற வருவாயையுமே விரித்துரைத்துள்ளனர். கடலடிக்கு இறங்கிச் சிப்பி அள்ளிய மனிதனை அந்நூல்களிற் காண்பது அரிதன்று. ஆயினும் அவன் அங்கு வியப்புக்குரிய காட்சியாகவே நிற்கின்றான். அவனுக்குக் குளிக்கும் அனுமதியை வழங்கியவர் யார்? அவன் உழைப்பின் பயன் எவ்வாறு கணக்கிடப்பட்டது? அவன் உயிருக்குக் காவல் எது? இம்மூன்று வினாக்களையும் ஒருங்கே வைத்து நோக்கினால், அரசுக்கும் தொழிலாளிக்கும் இடையே நிலவிய உறவின் உண்மைத் தன்மை புலப்படும்.

இவ்வுறவின் மிகப் பழைய வடிவம் கொடியது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் 'எரித்திரேயக் கடற் பெரிப்புளூசு' என்னும் கிரேக்க நூல், இக்குடாவின் மேலைக்கரையிலுள்ள கொற்கையில் முத்துக்குளிப்புத் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டதெனக் கூறுகின்றது. அங்கே அனுமதிக்கும் ஊதியத்துக்கும் இடமில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோ காட்டும் நிலை வேறு. வணிகர் கூலிக்கு ஆளமர்த்திக் குளிப்பித்தனர். பத்திலொரு பங்கு மன்னனுக்குச் சென்றது. பெருமீன்கள் குளிப்போரைத் தாக்காவண்ணம் மந்திரத்தாற் கட்டியோருக்கு இருபதிலொரு பங்கு சென்றது. மந்திரம் பகலுக்கு மட்டுமே உரியதென்றும், இரவில் அதனை அவிழ்த்துவிடுவர் என்றும் அவர் கூறுவது நோக்கற்பாலது. இரவிலே திருட்டுத்தனமாகக் குளிக்க எண்ணுவோனுக்கு அவிழ்க்கப்பட்ட மந்திரம் பெருந்தடையாக இருந்திருக்கும். எனவே, பாதுகாப்பும் அனுமதியும் ஒரே கையில் இருந்தன எனக் கொள்ளலாம்.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றினர். 1658இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. இக்காலத்தில் அனுமதியின் அலகாக விளங்கியது 'கல்' ஆகும். குளியாளி விரைந்து அடியை அடைதற்குக் காலிற் பிணைத்துக்கொள்ளும் கல்லே, வரி விதிப்பிற்கும் அளவாயிற்று. இத்தனை கற்களுக்கு உரிமை எனத் தோணிகள் கணக்கிடப்பட்டன. குளிப்போரின் சமயத்துக்கேற்ப வரியின் வீதம் வேறுபட்டது. கிறித்தவர் குறைவாகவும் ஏனையோர் கூடுதலாகவும் செலுத்தினர். சேதுபதி முதலிய ஆட்சியாளரும் பரவர் குலத் தலைவரும் வரியற்ற கற்களைப் பெற்றிருந்தனர். கல் வைத்திருப்பவன் தானே குளிக்க வேண்டியதில்லை என்பதை இவ்விலவசக் கற்கள் தெளிவுறுத்துகின்றன. உரிமை ஒருவனுடையதாகவும், மூச்சையடக்குதல் மற்றொருவனுடையதாகவும் பிரிந்த இடம் இதுவே.

பிரித்தானியர் 1795இல் மன்னாரைக் கைப்பற்றியதும், 1797, 1798 ஆகிய ஆண்டுகளின் குளிப்புக்கள் ஒவ்வொன்றும் ஓரிலட்சம் பவுணுக்கு மேல் ஈட்டித்தந்தன. தேசாதிபதி பிரெடெரிக் நோத் அரிப்பிலே கடலை நோக்கி மாளிகையொன்றை எழுப்பியது இவ்வருவாயின் பின்னணியிலேயாம். மக்கள் 'அல்லிராணி கோட்டை' எனச் சுட்டும் அக்கட்டடம் இன்று சிதைந்து நிற்கின்றது. குளியாளிகள் தங்கிய ஓலைக் குடில்களுக்கோ ஒரு சுவடும் எஞ்சவில்லை.

தொடக்கத்திற் குத்தகைக்காரருக்கு விடப்பட்ட குளிப்பைப் பின்னர் அரசாங்கமே நேரடியாக நடத்தியது. அதற்கென அமைந்த ஒழுங்கு மிக நுட்பமானது. தோணிகள் பதிவு செய்யப்பட்டு இலக்கமிடப்பட்டன. இரவிலே பீரங்கி ஒலித்ததும் அவை பெரியபார், செவல்பார் முதலிய முத்துப்பார்களை நோக்கிப் புறப்பட்டன. நண்பகலில் அடையாளம் காட்டப்பட்டதும் குளிப்பை நிறுத்தின. ஒரு தோணியிற் குளியாளிகள் பதின்மர்; அவர்தம் கயிற்றைப் பிடிப்போர் பதின்மர். ஐவர் இறங்க ஐவர் இளைப்பாறுவர். கரை சேர்ந்த சிப்பிகள் 'கொட்டு' எனப்பட்ட வேலியிட்ட வளாகத்துள் எடுத்துச்செல்லப்பட்டன. அங்கே குளியாளிகளே அவற்றைச் சமமான குவியல்களாகப் பிரித்தல் வேண்டும்; அவற்றுள் அவர்களுக்குரியது எது என்பதை அலுவலர் சுட்டுவார். எது தமக்கு வருமென அறியாதவன் சமமாகவே பிரிப்பான் என்பது இதன் தத்துவம். முற்காலத்தில் நான்கிலொன்றாக இருந்த குளியாளி பங்கு, பின்னர் மூன்றிலொன்றாயிற்று. அரசின் சிப்பிகள் எண்ணப்பட்டு, ஆயிரம் வீதம் ஏலத்தில் விற்கப்பட்டன. 1905ஆம் ஆண்டின் பெருங்குளிப்பில் ஏறத்தாழ 5,000 குளியாளிகள் பங்குகொண்டனர். 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசு பெற்றது ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். ஒவ்வொரு தோணியின் ஒவ்வொரு நாட் கணக்கும் ஏட்டிலேறியது.

இக்கணக்கிற் குளியாளி கூலியாளாக இடம்பெறவில்லை, பங்காளியாகவே இடம்பெற்றான். இது அவனுக்குப் பெருமை தருவது போலத் தோன்றும். கிடைத்த சிப்பியைத் தானே விற்கலாம். அதில் விலையுயர்ந்த முத்து இருப்பின் அதிட்டம் அவனுடையது. ஆனால் பங்காளி என்னும் சொல்லுக்கு மறுபக்கமும் உண்டு. கடல் கொந்தளித்துத் தோணி புறப்படாத நாளில் அவனுக்கு வருவாயில்லை. நோயுற்றுப் படுத்தால் பங்கில்லை. உள்ள பங்கிலிருந்தே கயிறு பிடித்தவனுக்கும் தோணி உரிமையாளனுக்கும் பகிர்ந்தளிக்க வேண்டும். அரசு அவனை வேலைக்கமர்த்தவில்லையாதலின், அவனுக்கு நேர்ந்த இழப்புக்கு ஈடுசெய்யும் கடமையும் அரசுக்கு எழவில்லை. இலாபத்தின் பெரும்பகுதி ஒருபுறமும் ஆபத்து முழுவதும் மறுபுறமும் நின்ற கூட்டு வாணிபம் இது.

காவலின் பொருட்டு அரசு ஏற்ற பொறுப்பு வியப்பானது. 'கடற்கட்டி' எனப்பட்ட சுறாக்கட்டும் மந்திரவாதி இல்லாது குளியாளிகள் கடலில் இறங்கார். ஆகவே பிரித்தானிய அரசும் அவனை ஊதியங் கொடுத்து வைத்திருந்தது. குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற் தாம் கண்டதை எழுதியுள்ளார். இப்பதவி பரம்பரையாக வந்தது. அக்காலத்துத் தலைமைக் கடற்கட்டி ஓர் உரோமன் கத்தோலிக்கர். அவர் நோயுற்றிருந்தமையால் பதிலாள் ஒருவரை அனுப்பினார். மந்திரம் தமக்குத் தெரியாதெனினும், தலைவரின் பிரதிநிதியாகத் தாம் வந்திருப்பதைச் சுறாக்கள் மதிக்கும் என அப்பதிலாள் உறுதி கூறினாராம். இதனை மூடநம்பிக்கையென நகைத்து ஒதுக்குதல் எளிது. ஆனால் குளியாளியின் நிலையினின்று நோக்கின், தன் உயிரைக் குறித்து அரசு ஒருவரை நியமித்திருக்கிறது என்பதற்குக் கடற்கட்டியே கண்கூடான சான்றாயிருந்தார்.

சுறா தாக்கியமை அரிது என்பதை அக்கால அலுவலரே ஒப்புக்கொண்டுள்ளனர். நாள்தோறும் நேர்ந்த துன்பம் வேறு. நீரினின்று வெளிவரும் குளியாளியின் வாய், மூக்கு, செவிகளினின்று நீரும் சிலவேளை குருதியும் வழிந்ததைப் பேர்சிவல் 1803இல் வெளியிட்ட நூலிற் குறிப்பிடுகின்றார். ஆயிரக்கணக்கானோர் நெருங்கி வாழ்ந்த மணற்கரையில், அழுகும் சிப்பிக் குவியல்களின் நடுவே, வாந்திபேதி முகாமையே கலைத்த பருவங்களும் உண்டு. பிற்காலத்தில் மருத்துவமனையும் குடிநீர் ஏற்பாடும் வந்தன. குளிப்பு இடையில் முறிந்துவிடாதிருக்க அவை இன்றியமையாதனவாயின. 1906இல் மரிச்சுக்கட்டி முகாமிற் பணிபுரிந்த லெனாட் வுல்ப், தோணியிலே உயிர்நீத்த அராபியக் குளியாளி ஒருவரையும் அவருக்காகத் தோழர் எழுப்பிய புலம்பலையும் தம் வரலாற்று நூலிற் பதிவு செய்துள்ளார். சிப்பியைக் கணக்கிட வந்த அலுவலரின் நினைவிலே அரை நூற்றாண்டு கடந்தும் நிலைத்தது அச்சாவேயாகும்.

அதே 1906ஆம் ஆண்டில் முத்துப்பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்குக் கம்பனியொன்றிடம் விடப்பட்டன. 1907ஆம் ஆண்டுக்குப் பின் பார்கள் வறண்டன; கம்பனியும் நிலைக்கவில்லை. 1925இல் அரசு மீண்டும் பெருங்குளிப்பு நடத்தியது. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இலங்கையில் 1934இலேயே இயற்றப்பட்டது. அதுவும் தொழில்கொள்வோன், தொழிலாளி என்னும் உறவை அடிப்படையாகக் கொண்டது. பங்காளியாக எண்ணப்பட்டவன் அதன் வாயிலுக்கு வெளியே நிற்க நேரும்.

முத்து மறைந்தபின்னும் வினா மறையவில்லை. மன்னார்க் கடலிற் சங்கும் கடலட்டையும் எடுப்போர் இன்று காற்றுக்குடுவையுடன் இறங்குகின்றனர். முன்னோர் மூச்சையடக்கிச் சென்றவிடத்து இவர்கள் நெடுநேரம் தங்கலாம். விரைந்து மேலெழுந்தால் குருதியில் வளிக்குமிழிகள் தோன்றி உடல் முடங்கும் ஆபத்தும் அதனோடு வந்தது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம் குறித்த தொழில்களுக்கு அனுமதிப்பத்திரத்தை வேண்டுகின்றது. வளம் அழியாது காக்க அது தேவையே. ஆனால் அனுமதிப்பத்திரம் கடலுயிரை மட்டும் காத்தாற் போதுமா? சர்வதேசத் தொழில் தாபனம் 2007இல் நிறைவேற்றிய 188ஆம் இலக்கச் சமவாயம், பிடியிற் பங்கு பெறுவோனையும் 'மீனவன்' என்னும் வரைவிலக்கணத்துள் அடக்கியுள்ளது. பங்காளி என்ற பெயரால் ஒருவனைக் காவலுக்குப் புறம்பாக்குதல் தகாது என்பதை உலகம் ஏற்பதற்கு இத்துணைக் காலம் சென்றது.

பங்கு முறையே தீதென்பது இதன் கருத்தன்று. பங்கைப் பிரிப்பதிற் காட்டிய நுட்பத்தை ஆபத்தைப் பிரிப்பதிற் காட்டவில்லை என்பதே மன்னார் முத்துக்குளிப்பின் வரலாறு உணர்த்துவது. யார் எத்தனை சிப்பி எடுத்தார் என்பதை ஆயிரம் ஆயிரமாக எழுதி வைக்கத் தெரிந்த ஆட்சி, யார் திரும்பிவரவில்லை என்பதையும் அதே ஏட்டில், அதே கவனத்துடன் எழுதியிருப்பின் இத்தொழிலின் சட்டமும் வேறாக அமைந்திருக்கும். இன்று அனுமதிப்பத்திரம் வழங்கும் கையிலும் அவ்வேடு இருத்தல் வேண்டும்.