விவாகரத்து வாங்கிட்டு வாம்மா

நான் குமாஸ்தாவாக இருந்தபோது பொம்மிடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஆபீசுக்கு வந்தாள். கட்டியவனுக்கு முதல் மனைவி உயிரோடு இருக்கிறாளாம். வேறு வரன் வந்திருக்கிறது, கட்டிக்கொள்ளலாமா என்றாள். “முதலில் விவாகரத்து வாங்கிட்டு வாம்மா” என்று அனுப்பிவிட்டேன்.

பேசியது என் பாண்டிச்சேரிப் படிப்பு. முதல் கல்யாணம் முறியாமல் மறு கல்யாணம் கிடையாது என்பது பிரெஞ்சு சிவில் சட்டம், 147ஆம் பிரிவு. அங்கேயும் அது, சொந்த வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களுக்குத்தான். மற்ற இந்துக்களுக்கு 1963இல் இந்து திருமணச் சட்டம் வரும்வரை பழைய வழக்கமே. நம் பொம்மிடி அன்றைக்குச் சேலம் ஜில்லா. இங்கே 1949லேயே சென்னை மாகாணச் சட்டம் இருதார மணத்தைச் செல்லாதென்று ஆக்கிவிட்டது.

செல்லாதது என்றால் தொடக்கத்திலிருந்தே இல்லை. இல்லாததை எப்படி முறிப்பது? அவள் தாராளமாக மறுமணம் செய்திருக்கலாம். 1955 சட்டத்தின் 11ஆம் பிரிவில் செல்லாதென்று ஒரு தீர்ப்பு வாங்கி வைத்தால் பின்னால் வழக்கு வம்பு இராது, அவ்வளவுதான். குழந்தை இருந்தாலும் 16ஆம் பிரிவுப்படி முறையான பிள்ளையே. ஜீவனாம்சத்தில்தான் சிக்கல். மனைவியே அல்ல என்று 1988இல் யமுனாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஏமாற்றிக் கட்டப்பட்டவளுக்கு 2013இல்தான் இரங்கியது.

நான் சட்டப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தது இரண்டு வருஷம் கழித்து. அவள் மறுபடி ஆபீஸ் பக்கம் வரவில்லை.